பனங்கொட்டையிலிருந்து பாளை வரை: இருபது வருட வேலைக்கு இறங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

பனை வைத்தவன் பார்த்துவிட்டுத்தான் சாவானா? உண்மையில் எத்தனை வருடம் ஆகும்?

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்ற சொலவடை கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப்பொய்யும் இல்லை. நல்ல மண்ணும் ஓரளவு ஈரமும் இருந்தால் 12 முதல் 15 வருடத்தில் முதல் பாளை (பூக்கொத்து) தள்ளும். மேட்டுநிலத்தில், தண்ணீரே காட்டாமல் விட்டால் 20 வருடம் ஆகலாம். அதற்குமேல் நூறு வருடமும் நிற்கும் மரம் அது.

இந்த 15, 20 வருடத்தை ஒரே நீளமாக நினைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். வேலையாகப் பார்த்தால் கணக்கு வேறு. முதல் மூன்று வருடம் ஆளுக்கு வேலை உண்டு. அடுத்த ஏழெட்டு வருடம் காவல் மட்டும். அதற்குப் பிறகு அதுவும் பெரும்பாலும் இல்லை. பாதியில் கைவிட்டவர்களில் வேலை தாங்காமல் விட்டவர் குறைவு. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து விட்டவர்களே அதிகம்.

எதற்காக வைக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டுமா? வைத்துவிட்டுப் பிறகு பார்க்கக் கூடாதா?

முடிவு செய்துவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும். காரணத்தைப் பொறுத்து இடமும் இடைவெளியும் மாறும்.

காற்றுத் தடுப்புக்கோ வேலிக்கோ என்றால் 5, 6 அடிக்கு ஒன்று நெருக்கி வைக்கலாம், ஆணா பெண்ணா என்ற கவலை வேண்டாம். பதநீருக்கும் நுங்குக்கும் என்றால் 10 அடி வேண்டும், ஆள் வந்துபோகப் பாதையும் வேண்டும். குளக்கரை மண் அரிக்காமல் இருக்க என்றால் கரையின் சரிவில் வைக்க வேண்டும், மேலே வண்டி போகும் தடத்தில் அல்ல.

'இயற்கையைக் காப்பதற்காக' என்று பொதுவாகச் சொல்லித் தொடங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. நான்காம் வருடம் கரையில் நெருப்புப் பட்டுக் கருகிக் கிடக்கும்போது அந்த வாசகம் யாரையும் வீட்டிலிருந்து கிளப்பாது. 'மேல்வரப்பில் 60 பனை நிற்க வேண்டும், மேல்காற்று வாழையைச் சாய்க்கக் கூடாது' என்று நோட்டில் எழுதியிருந்தால் கிளப்பும்.

எத்தனை விதையில் தொடங்குவது? ஆயிரம் நடலாமா?

முதல் தடவை 200 குழி போதும். குழிக்கு இரண்டு கொட்டை என்றால் 400 கொட்டை. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும், சிலதில் இரண்டோ ஒன்றோதான். ஆக 150 முதல் 170 பழம் பொறுக்க வேண்டும். ஒரு கொட்டை ஏறத்தாழ கால் கிலோ. 100 கொட்டை கட்டிய சாக்கே 25 கிலோ ஆகிவிடும், அதற்குமேல் கட்டினால் கரையேற்ற முடியாது.

10 அடி இடைவெளியில் 200 குழி என்பது ஒற்றை வரிசையில் 2000 அடி, அதாவது 600 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இதைத் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கப்போவது நீங்கள்தான். ஒரே நாளில் பத்தாயிரம் விதை நட்டுப் படம் எடுத்துக்கொள்வது சுலபம்; அடுத்த தையில் அந்தப் பத்தாயிரத்தையும் குனிந்து எண்ண ஆள் இருக்காது. எண்ண முடிகிற அளவு நடுங்கள்.

எந்த மண், எந்த இடம்?

தேரிமணல் (தென்மாவட்டச் செம்மணல்), செம்மண், கடலோர மணல், கரிசல், எதிலும் வரும். முதல் இரண்டு வருடம் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டாம். மரமான பிறகு நீரில் நின்றாலும் தாங்கும், குருத்தாக இருக்கும்போது அழுகும். மின்கம்பிக்குக் கீழே நடாதீர்கள். சாலையை ஒட்டி நட்டால் அகலப்படுத்தும்போது போய்விடும்.

சொந்த நிலத்தில் இல்லாமல் கண்மாய், ஓடை, சாலைப் புறம்போக்கில் நடுவதாக இருந்தால், ஊராட்சியிலோ அந்த நீர்நிலையைப் பராமரிக்கும் துறையிலோ எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் உங்களுடையது ஆகிவிடாது. அந்தக் கடிதத்தின் பயன் வேறு: கரை பலப்படுத்த இயந்திரம் வரும் நாளில், இங்கே பனை இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

விதையை எப்போது, எப்படிச் சேகரிப்பது?

ஆடி கடைசியிலிருந்து புரட்டாசி வரை பழம் தானாக விழும். விழுந்த பழத்தைத்தான் எடுக்க வேண்டும், மரத்தில் ஏறிப் பறித்தது முற்றாமல் இருக்கலாம். நன்றாகக் காய்க்கிற நாலைந்து மரங்களுக்குக் கீழே கலந்து பொறுக்குங்கள். ஒரே மரத்துப் பழமாக எடுத்தால் அந்த மரத்தின் குறையும் எல்லாவற்றிலும் வந்து சேரும்.

பழத்தை நிழலில் ஒரு வாரம் குவித்து வைத்தால் சதை இளகும். மட்டையைக் கிழித்துக் கொட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். நார் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, வழித்தெடுக்க வேண்டாம். (சதையை வீணாக்காமல் சுட்டோ அவித்தோ சாப்பிடலாம், யாழ்ப்பாணத்தார் அதைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்குவார்கள்.) பழத்தை அப்படியே முழுசாகப் புதைத்தால் மூன்றும் ஒரே இடத்தில் முளைத்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

பிரித்த கொட்டையைத் தொட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மட்டும் எடுங்கள். வெயிலில் காயப்போடவோ, அடுத்த வருடத்துக்கு என்று சாக்கில் கட்டி வைக்கவோ கூடாது. அந்த வருட விதை அந்த வருடம் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

நடும் முறை?

புரட்டாசிக்குள், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் முடித்துவிடுங்கள். கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை இளக்க வேண்டும். குழி தோண்டுவது கொட்டைக்காக அல்ல, கீழே இறங்கப்போகும் முளைக்கு வழி விடுவதற்காக. இளக்கிய மண்ணைப் பாதிக்குமேல் திருப்பிப் போட்டு, அதன்மேல் இரண்டு கொட்டையை ஒரு சாண் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்து, மேலே நான்கு விரற்கடை மண் மூடினால் போதும். கண் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முளை எந்தப் பக்கம் வந்தாலும் வளைந்து மண்ணை நோக்கித்தான் இறங்கும்.

எரு, உரம் எதுவும் தேவையில்லை. மேலே காய்ந்த ஓலையோ முள்ளோ போட்டு ஒரு கல்லை வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு காலைப்பொழுதில் 50 குழி முடிக்கலாம். 200 குழிக்கு நான்கு காலை.

நட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மேலே ஒன்றுமே தெரியவில்லை. செத்துவிட்டதா?

பனையில் பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று விரிவாகச் சொல்கிறோம்.

மற்ற விதைகள் பெரும்பாலும் வேரைக் கீழே விட்டதும் தளிரை மேலே அனுப்பும். பனை தளிரையும் முதலில் கீழே அனுப்புகிறது. கொட்டையின் கண்ணிலிருந்து வெள்ளையாக, விரல் தடிமனில் ஒரு குழல் புறப்பட்டு நேராக மண்ணுக்குள் இறங்கும். வளரப்போகும் கன்றின் உயிர் அந்தக் குழலின் நுனியில் இருக்கிறது. கொட்டையிலிருந்து ஒரு அடிக்கும் கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் வேர் விடும், கிழங்கு திரளும். வறண்ட நிலத்து மரம். ஈரம் இருக்கும் ஆழத்தில் குடியேறிவிட்டுத்தான் மேலே வரும்.

அந்த நேரத்தில் கொட்டையை அரிவாளால் பிளந்து பார்த்தால், நுங்காக இருந்து கெட்டிப்பட்ட பருப்பின் நடுவே பஞ்சுபோல வெள்ளையாக ஒன்று உப்பியிருக்கும். அதுதான் தவின், யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். தின்ன இனிப்பாக இருக்கும். பருப்பைக் கரைத்து உறிஞ்சி, குழல் வழியாகக் கீழே அனுப்பும் வேலையை அது செய்கிறது. மாசக்கணக்கில் இந்த ஏற்றுமதி நடக்கும்.

மூன்று, நான்கு மாதத்தில் கிழங்கு திரண்டுவிடும். பொங்கலுக்கு அவித்த பனங்கிழங்கைப் பிளக்கும்போது நடுவில் வெளிர்மஞ்சளாக, ஈர்க்குபோல ஒன்றை உருவி எறிகிறோமே, பீலி, அதுதான் முதல் இலை. அது மண்ணைக் கிழித்து மேலே வர இன்னும் சில மாதம் பிடிக்கும். புரட்டாசியில் நட்டதற்குச் சித்திரை, வைகாசியில் தலை தெரிந்தால் சரியான கணக்கு. அடுத்த ஆடி வரை ஆனாலும் பொறுத்திருக்கலாம். வெளியே வரும்போது பனை மாதிரியே இருக்காது. விசிறி இல்லை, மட்டை ஓரத்தில் ரம்பப்பல்போல் இருக்கும் கருக்கு இல்லை. மடிப்பு மடிப்பாக நீளும் ஒற்றைப் பச்சை நாடா. புல் என்று நினைத்துச் செதுக்கிவிடுகிறார்கள்.

ஒரு குழியையாவது தோண்டிப் பார்க்கலாமா?

நட்ட குழியைத் தோண்டாதீர்கள். குழல் அறுந்தால் கொட்டையிலிருந்து போகும் சாப்பாடு நின்றுவிடும்.

பார்க்க ஆசை இருப்பது இயல்பு, அதற்கென்றே வீட்டுப் பக்கம் ஒரு பாத்தி போடுங்கள். இரண்டு அடி உயரத்துக்கு மணலும் மண்ணும் கலந்து குவித்து, மேலே நெருக்கமாக 100 கொட்டையை அடுக்கி, மண் மூடித் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஐப்பசி கடைசியில் ஒன்றைப் பிடுங்கிக் குழலைப் பாருங்கள், கார்த்திகையில் ஒன்றைப் பிளந்து தவின் தின்னுங்கள், தையில் மொத்தமாகக் கிழங்கு எடுங்கள். வயலில் நட்டதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு இந்தப் பாத்தியே கண்ணாடி. வீட்டில் உள்ளவர்களும் முதல் வருடமே கையில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிடுகிறார்கள். இருபது வருட வேலைக்கு அவர்கள் ஆதரவு வேண்டும் என்பதால், இந்தப் பாத்தியை ஒவ்வொரு வருடமும் போடச் சொல்கிறோம்.

நர்சரியில் கன்று வாங்கி நட்டால் ஒரு வருடம் மிச்சமாகாதா?

ஆழமில்லாத பையில் வளர்ந்த கன்றின் கிழங்கு அடியில் முட்டி வளைந்திருக்கும், வேரும் சுருண்டிருக்கும். பிடுங்கி நடும்போது அறுபட்டால் தேறுவது சந்தேகம். நீளமான பையில், ஒன்றிரண்டு இலையோடு, மண் கலையாமல் கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் விதையே மேல்.

குட்டை ரகம் வேண்டுமென்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த எஸ்.வி.பி.ஆர்.1 பற்றித் தோட்டக்கலைத் துறையில் விசாரிக்கலாம். 2021-ல் தமிழக அரசு வெளியிட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதையும் ஒரு லட்சம் கன்றும் முழு மானியத்தில் தருவதாக அறிவித்தார்கள். அதன்பிறகும் அவ்வப்போது திட்டங்கள் வருகின்றன, வட்டார அலுவலகத்தில் கேட்டால் தெரியும்.

முதல் சில வருடங்களில் எதனால் சாகிறது?

வெயிலால் சாவது குறைவு. ஆடு மாடு மேய்ந்தாலும் பெரும்பாலும் சாகாது, நெருப்புப் பட்டாலும் சாகாது. இதைக் கேட்டுப் பலர் நம்புவதில்லை. வளரும் நுனி மண்ணுக்குள் ஒரு சாணுக்குமேல் கீழே இருப்பதால், மேலே இலை முழுவதும் கருகினாலும் அடுத்த மழைக்குக் குருத்து தள்ளும். கோடையில் கரிந்த வரப்பைப் பார்த்து 'எல்லாம் போச்சு' என்று எழுதிவிட்டுப் போனவர்கள், கார்த்திகையில் வந்து பார்த்திருந்தால் பாதிக்குமேல் பச்சை கண்டிருப்பார்கள். ஆனால் வருடா வருடம் தீ வைத்தால் கிழங்கில் சேர்த்த மாவு தீர்ந்து, மூன்றாவது நான்காவது தடவை எழுந்திருக்காது. அதனால் மாசிக்குள் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் இரண்டு அடிக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கிவிடுங்கள்.

உண்மையான எமன்கள் மூன்று. முதலாவது காட்டுப்பன்றி. கிழங்கு வாசம் பிடித்து ஒரே இரவில் ஐம்பது குழியைக் கிளறிவிடும். பன்றி நடமாட்டம் உள்ள ஊரில் குழிமேல் வைக்கும் கல்லைப் பெரிதாக வையுங்கள், முள்ளைக் கூட்டிப் போடுங்கள். இரண்டாவது மனிதன், அதுவும் பொங்கலுக்கு முந்தின வாரம். ஊரில் நாலு பேருக்கு அது கிழங்குக்காகப் போட்டதல்ல என்று சொல்லி வையுங்கள், சந்தேகம் இருந்தால் பாத்திக் கிழங்கில் ஒரு கட்டு கொடுத்துவிடுங்கள். வேலி போடுவதைவிடச் செலவு குறைவு. மூன்றாவது பொக்லைன். கரை மட்டம் தட்டவோ குளம் தூர்வாரவோ வந்தால் ஒரு மணி நேரத்தில் ஐந்து வருடம் போய்விடும். வளரும் நுனியோடு பெயர்த்துவிடுவதால் மறுபடி முளைக்காது. வரிசையின் இரண்டு முனையிலும் வெள்ளையடித்த கல் நட்டு, நடுவிலும் 100 அடிக்கு ஒன்று நடுங்கள். ஓட்டுநர் கண்ணில் படும்படி ஏதாவது இருந்தால்தான் அவர் வண்டியை நிறுத்திக் கேட்பார்.

வளர்ந்த கன்றில் குருத்து வெட்டியதுபோல முக்கோண வடிவில் அறுந்திருந்தால் காண்டாமிருக வண்டு. பக்கத்தில் எருக்குழி இருந்தால் அதைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், வண்டு அங்கேதான் பெருகும்.

ஐந்து வருடம் ஆயிற்று. இடுப்பளவுகூட இல்லை. ஏதாவது குறையா?

குறையில்லை. இது வடலிப் பருவம், அதாவது இளம்பனைப் பருவம். முதல் இரண்டு வருடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இலை வரும், மூன்றாம் வருடத்துக்குப் பிறகு விசிறி விரியும், மட்டையில் கருக்கு ஏறும். மண்ணுக்குள் அடித்தண்டு அகலமாகிக்கொண்டே இருக்கும். பனை பிறகு பருக்காது. முழு அகலத்தையும் சேர்த்துக்கொண்டுதான் உயரம் போகும். ஐந்தாறு வருடத்தில் தண்டு தெரியும், மண் மோசமாக இருந்தால் பத்து வருடமும் ஆகலாம்.

இந்தப் பருவத்தில் உயரத்தை அளக்காதீர்கள், மனம் விட்டுப்போகும். இலையை எண்ணுங்கள், மட்டையின் அடி அகலத்தை விரலால் அளந்து எழுதுங்கள். போன வருடம் மூன்று விரல், இந்த வருடம் நான்கு விரல் என்றால் உங்கள் பனை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அக்கறை குறையாமல் வைத்திருக்க என்ன செய்வது?

அக்கறையை நம்பாதீர்கள், தேதியை நம்புங்கள். வருடத்துக்கு ஐந்து நாள், அதற்குமேல் வேண்டாம்:

தை இரண்டாம் வாரம்: எண்ணிக்கை, கிழங்கு எடுப்பு.
மாசி கடைசி: புல் செதுக்கல்.
ஆனி: எண்ணிக்கை, காலியான குழிக்குக் குறி போடுதல்.
ஆவணி: விதை பொறுக்கல்.
புரட்டாசி: காலிக் குழியில் மறுநடவு.

மறுநடவு மூன்று வருடத்துக்கு மட்டும். அதற்குப் பிறகும் காலியை நிரப்பிக்கொண்டே இருந்தால் வேலை எப்போதும் முதல் வருடத்திலேயே நிற்கும். 200 குழியில் 120 தேறினால் 120 பனை என்று நோட்டில் கணக்கை மாற்றி எழுதிவிட்டு நகருங்கள். இரண்டும் முளைத்த குழியில் இரண்டாம் வருடக் கடைசியில் மெலிந்ததை வெட்டிவிட வேண்டும். கைவராமல் இரண்டையும் விடுவார்கள். இரண்டும் நோஞ்சானாக நிற்கும்.

நோட்டில் வரிசை எண், குழி எண், நட்ட தேதி, இலை, குறிப்பு என்று ஐந்து பத்தி போதும். கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். இருபது வருடத்தில் எத்தனை கைப்பேசி மாற்றப்போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓலை வெட்டலாமா?

தண்டு தெரியும் வரை குருத்தைத் தொடாதீர்கள். அடியில் காய்ந்து தொங்கும் காவோலையை மட்டும் எடுக்கலாம். எடுப்பது நல்லது, தீ ஏறாது.

ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே தெரியாதா?

தெரியாது. பாளை வரும்போதுதான் தெரியும், தோட்டத்தில் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. கொட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். பாதிக்குப் பாதி என்று வைத்துத் திட்டமிடுங்கள். நுங்கு பெண் பனையில்தான். பதநீர் இரண்டிலும் இறக்கலாம்.

பாளை வந்தபிறகு ஏறுவதற்கு ஆள் கிடைக்குமா?

இதை 15-ஆம் வருடத்தில் கேட்டால் தாமதம். தினமும் இரண்டு வேளை ஏறி, பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டுவது ஒரு வாரத்தில் கற்கும் வேலை அல்ல. உங்கள் பகுதியில் இப்போது ஏறுபவர் இருந்தால், பத்தாம் வருடத்திலேயே ஊரில் ஓர் இளைஞரை அவரிடம் சேர்த்துவிடப் பாருங்கள். சுண்ணாம்பு தவறினால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஏற ஆளே இல்லை என்றாலும் விழும் பழம், கிழங்கு, ஓலை கிடைக்கும்.

எனக்கு 58 வயது. இப்போது தொடங்குவதில் பொருள் இருக்கிறதா?

முதல் கிழங்கு நாலாம் மாதம், முதல் விசிறி மூன்று நான்கு வருடத்தில், தண்டு அறுபதுகளின் நடுவில், பாளை எழுபதுகளில். கணக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனால் மறுநடவை ஒத்திப்போடாதீர்கள், குனிந்து செய்யும் வேலைகள் எல்லாம் முதல் மூன்று வருடத்திலேயே இருக்கின்றன.

நடுவில் வேலைக்காக ஊரைவிட்டுப் போக நேர்ந்தால்?

நான்காம் வருடத்துக்குப் பிறகு என்றால் பெரிய நட்டமில்லை. மாசிச் செதுக்கலுக்கு ஓர் ஆளுக்குக் கூலி ஏற்பாடு செய்தால் போதும். அதற்கு முன்னால் போவதாக இருந்தால், வரிசையின் அருகில் தினமும் நடமாடுகிற ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆடு மேய்ப்பவர், பக்கத்து வயல்காரர், மடை பார்ப்பவர். வெளியூர் நண்பர் எவ்வளவு ஆர்வலராக இருந்தாலும் பயன்படமாட்டார்.

ஒப்படைக்கும் நாளில் அவரையும் வீட்டுப் பிள்ளை ஒருவரையும் கூட்டிக்கொண்டு முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை நடந்து, ஒவ்வொரு குழியையும் கைகாட்டி எண்ணச் சொல்லுங்கள். நோட்டு, அனுமதிக் கடிதத்தின் நகல், வரிசையின் இரு முனைக்கும் கைப்பேசி வரைபடத்தில் எடுத்த இடக்குறிப்பைத் தாளில் எழுதியது, இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுங்கள். 2021 நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்ததையும் அவரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் யாராவது ரம்பத்தோடு வந்து நின்றால், அவர் அதைச் சொல்லித் தடுக்கலாம்.